நிமிஷத்துக்கு நாப்பத்திரெண்டு

எண்ண முடியலை. சொட்டு சொட்டா விழுந்தாத்தானே எண்ண முடியும், இது நூல் பிடிச்ச மாதிரி இறங்குது, பாட்டிலுக்குக் கீழ தொங்குற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குடுவைக்குள்ள ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை. ட்யூப்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தைத் தள்ளுனது எங்கப்பா. நான் தொடலை. இதை முதல்ல சொல்லிக்கணும். நான் ஸ்டூல்ல உக்காந்து சுவர்க் கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு இடது கையைத் தூக்கினாரு. நேத்து மூக்குல ஈ உக்காந்தா விரட்ட முடியாம கண்ணை உருட்டிக்கிட்டுக் கிடந்த ஆளோட கை. அது மெத்தையை விட்டு எழும்பி, நடுங்கி, வலது கைக்குப் போற ட்யூபைத் தடவித் தடவிப் பிடிச்சு, பெருவிரலால சக்கரத்தை மேல தள்ளிருச்சு. முழுசா. தள்ளிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "பாத்தியாலே. உன் சிஸ்டரு நாலு மணி நேரம்னா. நான் முக்கா மணி நேரத்துல முடிச்சுக் காட்டுதேன்." பத்தாம் கட்டில் லைன்மேன் அண்ணாச்சிதான் சொல்லிக் குடுத்தது, காலையில இட்லியைத் தின்னுக்கிட்டே, "நான் தினம் சக்கரத்த ஏத்தி விட்டுத்தான் முடிக்கேன் மாஸ்டர், இவுக சொல்லதக் கேட்டா பொங்கலுக்குத்தான் வீடு போவீரு" அப்படின்னு. அவரு பாட்டில்ல இருக்கிறது வெறும் குளுக்கோஸ். எங்கப்பா பாட்டில்ல இருக்கிறது வேற. அது லைன்மேனுக்குத் தெரியாது. இப்ப அவரு கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுக்கிட்டு வாயைப் பொளந்து தூங்குறாரு, மத்தியானச் சோறு. எங்கப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த வார்டுல ஜெஸிந்தா சிஸ்டரை விட்டா எனக்கு மட்டுந்தான் தெரியும்.

காலையில பாட்டிலை மாட்டும்போதே சிஸ்டர் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்துல நிறுத்திருச்சு. இங்க வா, ஓடாத, உனக்கு ஒரு வேலை இருக்கு. நாப்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி, எல்லாக் கட்டிலுக்கும் வந்து எண்ணிக்கிட்டு நிக்க முடியாது. இதுல ஐநூறு மில்லி. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. மொத்தம் எத்தனை சொட்டு. கணக்குன்னா என் வாய் பூட்டிக்கும், பள்ளிக்கூடத்துல இருந்தே. நான் கணக்குல பெயிலுக்கா, படிப்பை விட்டுட்டேன்னேன். "சொட்டுக்கு உன் மார்க் தெரியுமா? சொல்லு"ன்னுச்சு. பத்தாயிரம்னேன். சரி, பத்தாயிரம். நாலு மணி நேரம்னா எத்தனை நிமிஷம். இருநூத்தி நாப்பது. பத்தாயிரத்தை இருநூத்தி நாப்பதால வகு. என் உள்ளங்கையிலேயே பேனாவால வகுக்க வச்சுருச்சு, கூசுச்சு. நாப்பத்தி ஒண்ணரைக்கு மேல, நாப்பத்திரெண்டு வை. கால் நிமிஷத்துக்குப் பத்து, இல்ல பதினொண்ணு. பெரிய முள்ளை விட்டுரு, ஓடுற முள்ளைப் பாரு. அப்புறம் தன் கைய இடுப்புல வச்சுக்கிட்டு, "இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கோ, நீ எனக்குச் சொல்லிக் குடு"ன்னுச்சு. எந்த வாத்தியாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னேன். இந்தத் தண்ணியில பொட்டாசியம் கலந்திருக்கு. அது ஒரு உப்பு. அப்பா ரத்தத்துல அது இறங்கிப் போச்சு, அதனாலதான் கை கால் விழுந்துருச்சு. மெதுவா ஏறினா கை கால் வந்துரும். வேகமா ஏறினா. இங்க நின்னுட்டேன். வேகமா ஏறினா என்ன, சொல்லு. ஹார்ட்டு நின்னுரும். ம். அப்ப வேகமா விழுந்தா நீ என்ன செய்வே. சக்கரத்தைக் கீழ தள்ளி மூடுவேன், உங்களைக் கூப்பிடுவேன். முதல்ல எது. முதல்ல மூடணும், அப்புறம் கூப்பிடணும். "கூப்பிட்டுக்கிட்டு நிக்காத, மூடிட்டுக் கூப்பிடு." கிளம்பும்போது என் தலையில ஒரு தட்டு. வலிக்காத தட்டு. ஒருத்தர் கை என் தலைக்கு மேல வந்து வலிக்காம இறங்குனது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள கழுத்து தானா உள்ள இழுத்துக்கிருச்சு, அதை சிஸ்டர் பாத்துருச்சு.

இழுத்துக்கிற கழுத்து இது. எங்கப்பா பரோட்டா மாஸ்டர். ஊர்ல அவரு வீச்சுக்குத் தனி மரியாதை. மாவு உருண்டையைத் தட்டி, எண்ணெயில போட்டு, ரெண்டு கையாலயும் காத்துல வீசுனா துணி மாதிரி விரிஞ்சு அந்தப் பக்கம் நிக்கிற ஆளு முகம் தெரியும். அந்தக் கை. அம்மாகிட்ட ஏதாவது சொல்லணும்னா நாங்க வலது பக்கம் போய் நின்னுதான் சொல்லணும், இடது காது கேக்காது, பிறவியில கேட்ட காதுதான் அது. நான் பெயிலானப்ப எங்கப்பா அடிக்கலை. அடிச்சிருக்கலாம். கடை வாசல்ல விலை எழுதுற கரும்பலகையில, பரோட்டா, முட்டை பரோட்டா, சிலோன், கொத்து, அதுக்குக் கீழ சாக்பீஸால கார்த்தீசன் கணக்கு பதினேழுன்னு எழுதிட்டாரு. முதலாளி அழிக்கச் சொல்லலை, சிரிச்சாரு. சாப்பிட வந்தவனெல்லாம் பலகையைப் பாத்துட்டு "மாஸ்டர் ரெண்டு பரோட்டா, ஒரு பதினேழு போடுங்க"ன்னான். மழை பெஞ்சு அழிஞ்சா மறுபடி எழுதினாரு. பரோட்டா விலை ஏறுச்சு, என் விலை ஏறலை, அதுக்கும் ஒரு சிரிப்பு. நான் அதே கடையில அந்தப் பலகைக்குப் பின்னாடி நின்னு மாவு பிசைஞ்சேன். இப்ப என் பேரே அதுதான், ஏலே பதினேழு. நேத்துக் காலையில எந்திரிக்க முடியாம பாயில கிடந்தப்பவும் அப்படித்தான் கூப்பிட்டாரு. ஏலே பதினேழு, என் கால எவனோ எடுத்துட்டுப் போயிட்டாம்ல. முந்தின நாள் ராத்திரி கடையடைச்சுட்டு மிஞ்சின பரோட்டா எல்லாத்தையும் போட்டிக்குத் தின்னுருக்காரு, கூடக் குடியும். டாக்டர் அதைத்தான் சொன்னாரு, நாள் முழுக்கக் கல்லு முன்னாடி வேர்த்துட்டு ஒரேயடியா மாவைத் தின்னா சில உடம்புக்கு இப்படி ஆகும், பயப்படாதீங்க, மருந்து ஏறினா நாளைக்கே எந்திரிச்சு நடப்பாருன்னு. பயப்படாதீங்கன்னு அம்மாவைப் பாத்துச் சொன்னாரு. இடது பக்கமா நின்னு சொன்னாரு. அம்மாவுக்குக் கேக்கலை. நான் வலது பக்கம் போய்ச் சொன்னேன், நாளைக்கே எந்திரிச்சுருவாராம்மா. அம்மா முகத்துல பயம் அப்பத்தான் வந்துச்சு.

வார்டு முழுக்க டெட்டாலும் சாம்பாரும் சேர்ந்த ஒரு வாடை. மேல ஃபேன் சுத்துற சத்தத்துல ஒரு டக், ஒரு டக், அது எண்ணுறதுக்கு இடைஞ்சல், சொட்டோட சேராம தனியா ஒரு கணக்குல போகுது. நேத்து சாயங்காலம் இதே கட்டில்ல அம்மா செஞ்சது கண்ணுக்குள்ளேயே நிக்குது. கஞ்சி குடுத்து முடிச்சு, வாயைத் துடைச்சு, டம்ளரைக் கழுவி வச்சுட்டு, எங்கப்பா வலது கையை நடுவிரல் ஒண்ணை மட்டும் பிடிச்சுத் தூக்குனா. விட்டா. தொப்புனு விழுந்துச்சு. மறுபடி தூக்குனா. விட்டா. எங்கப்பா அவளையே பாக்குறாரு, நாக்கு மட்டும் வேலை செய்யுது, "என்னடி வெளையாடுதியா, வாரேன் இரு, கை வரட்டும்." அவரு இடது பக்கம் இருந்தாரு, கேட்டிருக்காது, ஆனா வாயசைவு தெரியும்ல. மூணாந்தடவை தூக்கி, விடாம அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா. கனத்தைப் பாத்துருப்பாளோ என்னமோ. வாங்குனவளுக்குத்தான தெரியும். அப்புறம் மெதுவா வச்சுட்டு, போர்வையை இழுத்துவிட்டு, துணி துவைக்கணும்னு கிளம்பிட்டா. கை வரட்டும்னு அவரு சொன்னதுல இருந்து எனக்கு ஒரே கணக்குதான் ஓடுது. பத்தாயிரம் சொட்டு. ஒவ்வொரு சொட்டும் அவரு கையில ஒரு துளியைத் திருப்பிக் கொண்டாந்து வைக்குது. காலையில இந்தப் பாட்டில் பாதி இறங்கும்போது பெருவிரல் அசைஞ்சுச்சு. எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. நான்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன், ஒழுங்கா, பத்து, பதினொண்ணு, பத்து, சிஸ்டர் வார்டு அந்தக் கோடியில இருந்து "ஒம்போது, எவ்ளோ?"ன்னு கேக்கும், ஒம்போதுங்கிறது எங்க கட்டில் நம்பர், நான் நாப்பத்திரெண்டுன்னு கத்துவேன், குட்னு ஒரு சத்தம் வரும், அந்த ஒரு குட்டுக்காக நான் ஒண்ணுக்குக்கூடப் போகலை. அப்படி எண்ணி எண்ணி அந்தக் கையைக் கொண்டாந்தது நான். ஆள்காட்டி விரல் வந்துச்சு. மணிக்கட்டு வந்துச்சு. பத்தாயிரத்துல எத்தனாவது சொட்டு அம்மாவை அடிக்கும். ஏழாயிரமா. ஓங்குறதுக்குத் தோள் வேணும், தோள் கடைசியிலதான் வருமா. வகுத்தா வரும் இதுவும், எதால வகுக்கிறதுன்னுதான் தெரியலை.

அவரு ஒரு நாளும் நல்லா இருந்ததில்லைன்னு சொன்னா அது பொய்யாப் போயிரும். சின்னப் புள்ளையில என்னைக் கல்லு பக்கத்துல தூக்கி உக்கார வச்சு, அன்னைக்கு முதல் பரோட்டாவைப் பிச்சு, சீனி தூவி, ஊதி ஊதி வாயில வச்சாரு. அந்த ருசி இப்பவும் நாக்குல இருக்கு. நான் இன்னொண்ணு கேட்டேன். கரண்டியால புறங்கையில வச்சாரு, கல்லுல கிடந்த கரண்டி. சீனியும் அதுவும் ஒண்ணாத்தான் ஞாபகம் வருது, தனித்தனியாப் பிரிக்க முடியலை, பிரிக்க முடிஞ்சா எவ்வளவோ வசதி. இதோ இப்பவும் அவருன்னுதான் சொல்றேன். மனசுக்குள்ள எவன் கேக்கப் போறான், அவன்னு ஒரு தடவை நினைச்சுப் பாக்கலாம்ல, வரமாட்டேங்குது, அதுவும் அடிச்சுப் பழக்கினதுதான். "எரியுதுலே"ன்னாரு இப்ப. வலது கையில, ஊசி ஏறின இடத்துல இருந்து முழங்கை வரைக்கும் எரியுதாம். சிஸ்டர் அதையும் சொல்லியிருக்கு, எரியுதுன்னு சொன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். ஆனா எங்கப்பா சிரிக்கிறாரு. "எரிஞ்சாத்தாம்ல மருந்து. சரக்கு எரியலைன்னா அது தண்ணி." பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. கல்லு முன்னாடியே நின்ன ஆளுக்கு எரிச்சல் ஒரு பொருட்டா. கல்லுல இப்ப வேற ஒரு மாஸ்டரைப் போட்டிருக்காராம் முதலாளி, அது காலையில காதுக்கு வந்ததுல இருந்துதான் இந்த அவசரம். சாயங்காலத்துக்குள்ள போயி அவன் சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ளணும், அப்புறம் வீட்டுக்குப் போகணும், அங்க ஒரு வேலை இருக்கு. "என்ன வேலைப்பா?" "நேத்து ஒருத்தி என் கையத் தூக்கித் தூக்கிப் போட்டாள்லா. அவளுக்கு எண்ணிக் குடுக்கணும். நீதான் நல்லா எண்ணுதியே, நீயே பக்கத்துல நின்னு எண்ணு."

சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்துலதான் தொங்குது. வெள்ளைச் சக்கரம், பல்லு பல்லா இருக்கு. ஒரு விரல் போதும். முதல்ல மூடணும். பாட்டில்ல தண்ணி கால்வாசிக்கு வந்துருச்சு, ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியில சிஸ்டர் நாப்பத்திரெண்டுன்னு எழுதி வட்டம் போட்டிருக்கு, அந்த வட்டத்துக்குக் கீழ போயிருச்சு. நான் தொடலைன்னு சொல்லலாம். அவரேதான் தள்ளுனாரு, லைன்மேனைக் கேளுங்க, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நான் ஒண்ணுக்குப் போயிட்டேன்னு சொல்லலாம். காலையில இருந்து போகலை, போனா என்ன தப்பு. யார் என்னைக் கேக்கப் போறா, பதினேழு மார்க் வாங்கினவன், அவனுக்கு எப்படி எண்ணத் தெரியும்பாங்க. சிஸ்டரைத்தான் கேப்பாங்க. படிக்காத பையன்கிட்ட எப்படிம்மா விட்டுட்டுப் போனேன்னு கேப்பாங்க, மெமோ குடுப்பாங்க, அது அழும். அது அழுறதை நினைச்சாத்தான் விரல் கொஞ்சம் அசையுது. எங்கப்பாவுக்காக அசையலை, பாத்தியா. அதுவும் ஏன் என்கிட்ட சொல்லிக் குடுத்துச்சு. வேற யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கலாம். தெரியாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஸ்டூல்ல உக்காந்து லைன்மேன் மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கியிருப்பேன், விழுறது விழட்டும்னு. தெரிஞ்சதுனாலதான் இது இப்ப என் கையில இருக்கு. மூடிட்டா என்ன ஆகும். நாப்பத்திரெண்டு, நாப்பத்திரெண்டு, சாயங்காலம் எந்திரிப்பாரு, நடப்பாரு, வீட்டுக்குப் போவாரு. நான் பக்கத்துல நின்னு எண்ணுவேன். மூடலைன்னா என்ன ஆகும்னு சிஸ்டர் என் வாயாலயே சொல்ல வச்சிருக்கு. ஆகாமலும் போகலாம். எருமை உடம்பு, ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம். அப்படி நினைச்சப்ப வந்தது நிம்மதியா ஏமாத்தமான்னு நான் நின்னு பாக்கலை.

"ஒம்போது, எவ்ளோ?" கோடியில முப்பத்தெட்டாம் கட்டில்கிட்ட யாருக்கோ ஊசி போட்டுக்கிட்டே, திரும்பாமலே கேக்குது. நீல உறை போட்ட கை மட்டும் தெரியுது. குடுவைக்குள்ள நூல் இறங்கிக்கிட்டே இருக்கு. "நாப்பத்திரெண்டு"ன்னு கத்தினேன். குரல் காலையில இருந்ததை விட நல்லா, தெளிவா வந்துச்சு. "குட்." அந்தக் குட் காதுல வந்து உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது. எங்கப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவருக்குச் சொட்டு எண்ணத் தெரியாது, ஆனா நான் பொய் சொன்னா மட்டும் தெரியும், எப்பவுமே தெரியும். நெத்தி வேர்த்திருக்கு. சிரிப்பைக் காணோம். "ஏலே, நெஞ்சுக்குள்ள என்னமோ புரளுது"ன்னாரு. நான் கடிகாரத்தைப் பாத்தேன். "வாயெல்லாம் மரத்துப் போவுது." இடது கை எழும்புது, சக்கரத்துக்குத்தான் வருது, பாதி தூரம் வந்து, நடுவுல நின்னு, தொப்புனு மெத்தையில விழுந்துச்சு. நேத்து அம்மா விட்டப்ப விழுந்த மாதிரியே விழுந்துச்சு. மறுபடி தூக்கப் பாக்குறாரு, தோள் மட்டும் அசையுது. நாக்கு தடிச்ச குரல்ல, மெதுவா, அவரு எங்கிட்ட இவ்வளவு மெதுவாப் பேசுனதே இல்லை, "அதை மூடுலே"ங்குறாரு. கண்ணு என் கையைத்தான் பாக்குது. என் முகத்தைப் பாக்கலை. ஒருத்தர் என் கையை இப்படிப் பயந்து பாக்குறதை நான் இப்பத்தான் பாக்கேன். அம்மா அந்தக் கைய இப்படித்தான் பாப்பா. மூடுலே. லைன்மேன் புரண்டு படுத்தாரு, முழிக்கலை. சிஸ்டர் முப்பத்தொம்பதாம் கட்டிலுக்குத் தள்ளுவண்டியை உருட்டுது. முதல்ல மூடணும், அப்புறம் கூப்பிடணும், முதல்ல எதுன்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்வேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்தி உக்காந்துக்கிட்டு, ஓடுற முள்ளு பன்னெண்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து, ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சேன்.